இதழின் அட்டைக்கு என்ன நிறம்

சுனாமி வந்து ஏழு வருடம் கழிந்திருந்தது. நான் அப்போது மார்த்தாண்டத்தில் ஒரு சின்ன ஆப்செட் அச்சகத்தில் டிடிபி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், ரப்பர் நாற்று விளம்பரம், கண்ணீர் அஞ்சலி என்று நாள் முழுக்க எழுத்து அடிக்கிற வேலை. என்னோடு கல்லூரியில் படித்த தோழி ஒருத்தி, கடற்கரை ஊர்க்காரி, ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தாள். ஒரு சனிக்கிழமை மதியம் அவள் அச்சகத்துக்கு வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"ஏட்டி, ஸ்கூல்ல சுற்றுச்சூழல் மன்றத்தை எனக்கத் தலையில கெட்டி வச்சிட்டாவ. பிள்ளையளை வச்சு ஒரு கையெழுத்து இதழ் கொண்டுவரலாம்னு பாக்குதேன். நீயும் கூட நில்லு."

கடைகளில் பிளாஸ்டிக் பை கொடுக்கக் கூடாது என்று மாவட்டத்தில் கெடுபிடி வந்திருந்த காலம் அது. மீன் வாங்கப் போகிறவர்கள் கையில் தூக்குவாளியோடு போகப் பழகிக்கொண்டிருந்தார்கள். இதழை வீட்டுக் குப்பையைக் குறைப்பது பற்றிப் போடலாம் என்று முடிவு செய்தோம். எட்டுப் பக்கம், முப்பது பிரதி. எழுத்தும் படமும் எல்லாம் கையால்தான்.

முதல் இதழ் பச்சை. அதைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. பச்சை சார்ட் பேப்பர் வாங்கினோம், அட்டை வெட்டினோம், இலை வடிவத்தில் துண்டுகள் வெட்டி ஒட்டினோம், ஜிகினாத் தூள் தூவினோம். கடைசியில் மழையில் நனையாமல் இருக்கட்டும் என்று அட்டைக்கு லேமினேஷன் வேறு போட்டோம். இரண்டு சனிக்கிழமை அச்சகத்தின் பின்னறையில் உட்கார்ந்து செய்து முடித்தபோது முப்பது இதழும் அழகாகத்தான் இருந்தன. பக்கத்தில் ஒரு சாக்கு நிறையக் கூளம்.

அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிற அண்ணன் அதிகம் பேசமாட்டார். டீ குடிக்க வந்தவர் இதழ் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு சாக்கைக் காலால் லேசாகத் தள்ளிப் பார்த்தார்.

"குப்பையைக் கொறைக்கச் சொல்லி புத்தகம் போட்டியளா, இல்ல புத்தகம்னு சொல்லிக் குப்பை போட்டியளா?"

தோழிக்கு முகம் சுருங்கிப்போயிற்று. எனக்குச் சிரிப்பு வந்தது. வெட்கமாகவும் இருந்தது. அவர் கிண்டல் செய்யவில்லை, பார்த்ததைச் சொன்னார். "அதுசரி, எதுக்கு எல்லாம் பச்சை?" என்று அடுத்த கேள்வியையும் போட்டார்.

"சுற்றுச்சூழல்னா பச்சைதானே அண்ணே" என்றாள் தோழி.

"எனக்குப் பச்சைன்னு ஒரு நெறமே கெடையாது. நீலத்தையும் மஞ்சளையும் கொழைச்சா வாறது பச்சை. அதை ஓட்டி முடிச்சா ரோலர் முழுக்கக் கழுவணும். மண்ணெண்ணெயும் போச்சு, ஒரு கெட்டுத் துணியும் போச்சு."

அன்றைக்குத்தான் ஒன்று தெரிந்துகொண்டேன். நான் அந்த அச்சகத்தில் மூன்று வருடமாக இருந்தும் கவனிக்காத விஷயம். அவர் காலையில் வந்த வேலைகளை வாங்கிய வரிசையில் ஓட்டுவதில்லை. வெளிறிய நிறத்தில் தொடங்குவார். மஞ்சள், பிறகு ஆரஞ்சு, பிறகு சிவப்பு, சாயங்காலம் கறுப்பு. மஞ்சளின் மீதம் ரோலரில் கொஞ்சம் இருந்தாலும் சிவப்பு அதை விழுங்கிவிடும். சிவப்பின் மீதத்தைக் கறுப்பு விழுங்கிவிடும். முறையாகக் கழுவ வேண்டியது ஒரு தடவைதான். கண்ணீர் அஞ்சலி கேட்டுக் காலையிலேயே ஆள் வந்து நின்றால் மட்டும் அவருடைய வரிசை குலையும். "மரிச்ச வீட்டுக்காரனிட்ட நில்லுன்னு சொல்ல முடியுமா" என்பார்.

நிறத்துக்கும் குப்பைக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. பச்சை என்றால் என்ன? ஒரு பழைய டைரியை எடுத்து, பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டு எழுத ஆரம்பித்தேன்.

அம்மாவிடம் கேட்டேன். அடுக்களையில் நின்றுகொண்டு அடுக்கினாள்: பச்சைத் தண்ணீர், பச்சை மிளகாய், பச்சரிசி, பச்சைப் பிள்ளை, பச்சைப் பொய். "கையில குத்துகதும் பச்சைதானே, அது கறுப்பால்லா இருக்கும்?" என்று அவளே ஆச்சரியப்பட்டாள். எழுதிவிட்டுப் பார்த்தால், தண்ணீர், அரிசி, பொய் எதுவும் பச்சை நிறமில்லை. வேகாதது, காயாதது, இன்னும் ஒன்றும் செய்யப்படாதது என்றுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். சந்தையில் மீன் விற்கும் ஒரு அம்மாவிடம் கேட்டேன். அவள் கேள்வியைக் கேட்ட உடனே, "பச்சைன்னா ஐஸ் வைக்காத மீனு, மோளே. இன்னைக்கு இல்ல. நாளைக்கு வா" என்று சொல்லிவிட்டாள்.

தோழியின் ஊர்க் கத்தோலிக்கக் கோயிலில் பூசை உடுப்புகளை மடித்து வைக்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். நான் வேறு சபை. சாமியார்களின் உடுப்பு நிறம் மாறுவதை அதுவரை ஊன்றிப் பார்த்ததில்லை. அவர் மர அலமாரியைத் திறந்து காட்டினார். ஊதா தவக்காலத்துக்கு. வெள்ளை ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும். சிவப்பு இரத்தசாட்சிகளின் நாளுக்கு. பச்சை உடுப்புதான் அதிகம் நைந்து, ஓரம் பிசிர் விட்டிருந்தது.

"இது எந்தத் திருநாளுக்கு?"

"திருநாளு ஒண்ணும் இல்லாத நாளுக்காக்கும் பச்சை. வருசத்துல பாதிக்கு மேல இதுதான். அதான் இப்படிக் கெடக்கு."

அதை டைரியில் எழுதும்போது எனக்கு இதழின் மேலேயே ஒரு புது மரியாதை வந்தது. விசேஷம் ஒன்றும் இல்லாத நாளின் நிறம். குப்பை சேர்வதும் அந்த நாட்களில்தானே. ஜிகினாத் தூளை நினைத்தபோது மறுபடி வெட்கமாக இருந்தது.

இரண்டாவது இதழைக் கூளமில்லாமல் செய்வது என்று இரண்டு பேரும் தீர்மானித்தோம். அச்சகத்தில் நிறம் சரியாக வருகிறதா என்று பார்க்க முதலில் ஓட்டிக் கழிக்கிற தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். ஒரு பக்கம்தான் அச்சாகியிருக்கும். அந்தத் தாளை எட்டாக மடித்து, நடுவில் ஒரே ஒரு கீறல் போட்டு, திரும்ப மடித்தால் எட்டுப் பக்கச் சிறு புத்தகம் ஆகிவிடும். பசை வேண்டாம், நூல் வேண்டாம், ஸ்டேப்ளர் பின் வேண்டாம். அச்சான பக்கம் மடிப்புக்குள் மறைந்துவிடும். வெட்டி எறிய ஒரு துண்டுகூட மிஞ்சாது. இந்த மடிப்பைக் கண்டுபிடிக்க நான் ஏழெட்டுத் தாளை வீணாக்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிரதி எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போனோம். பயன்படுத்திய தாள் மெஷினில் சிக்கிக்கொள்ளும் என்று கடைக்காரர் தொடமாட்டேன் என்றார். அதனால் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு ஒரு பிரதி என்று எழுதக் கொடுத்தாள் தோழி. முப்பது கையெழுத்து, முப்பது விதமான எழுத்துப்பிழை. ஒருத்தி 'மக்கும் குப்பை' என்பதை முழுக்க 'மக்கள் குப்பை' என்றே எழுதிவைத்திருந்தாள். திருத்த மனம் வரவில்லை.

அட்டைக்கு மட்டும் நிறம் வேண்டும் என்று ஆசை விடவில்லை. கல்யாண அழைப்பிதழை மெஷினில் வெட்டும்போது ஓரத்தில் மூன்று விரல் அகலத்துக்கு அட்டைத் துண்டு நீளமாக விழும். அதை இதழைச் சுற்றி ஒரு பட்டைபோலக் கட்டலாம் என்று தோன்றியது. துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கியதும் இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. நிறத்தை நாங்கள் தேர்ந்தெடுக்கவே முடியாது, மாதம்தான் தேர்ந்தெடுக்கிறது. ஆவணியில் மஞ்சளும் சந்தனமும். தவக்காலத்தில் கிறிஸ்தவக் கல்யாணம் இல்லாததால் ரோஸ் அடியோடு நின்றுவிடும். ஈஸ்டர் முடிந்ததும் திரும்பக் குவியும். மார்கழியில் இந்துக் கல்யாணம் இல்லை; டிசம்பர் என்பதால் சிவப்பும் பச்சையும் கிறிஸ்துமஸ் அட்டை வழியாக வந்து சேரும். கூளச் சாக்கைத் திறந்து பார்த்தே என்ன மாதம் என்று சொல்லிவிடலாம். இதையெல்லாம் டைரியில் எழுதியபோது ஏதோ கண்டுபிடித்தவள்போல எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டாவது இதழுக்குப் பொருள், கடலில் சேரும் குப்பை. அந்த வாரம் கூளத்தில் நல்ல நீல அட்டை நிறையக் கிடைத்திருந்தது. ஒரு கண் ஆஸ்பத்திரியின் நோட்டீஸ் என்று நினைவு. கடலுக்கு நீலம், தானாகவே அமைந்துவிட்டதே என்று சந்தோஷத்தோடு முப்பது பட்டைகள் வெட்டி மேசையில் பரப்பிவைத்தேன். சனிக்கிழமை வந்த தோழி அவற்றைப் பார்த்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நீலம் வேண்டாம்."

"கடலைப் பத்தின இதழுதானே? வேற என்ன நெறம் போட?"

"எந்த நெறம் வேணும்னாலும் போடு. இது வேண்டாம்."

அவள் அப்படிப் பேசுகிறவள் அல்ல. கோபமா என்று கேட்டேன். இல்லை என்றாள். பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாள். பிறகு சொன்னாள்.

கடல் வந்த அன்றைக்கு அவள் வீட்டில் யாரும் சாகவில்லை. வீடும் மீன்பிடி வள்ளமும் போயின. முதலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள், அப்புறம் கம்பு நட்டுத் தார்ப்பாய் கட்டின கொட்டகையில் நாலு மாதம். அது நீலத் தார்ப்பாய்.

"வெளிய வெயிலு அடிச்சா உள்ள எல்லாம் நீலமா இருக்கும் ஏட்டி. சோறு நீலம். தண்ணி நீலம். எனக்க கை நீலம். அம்மை ஒறங்கிட்டுக் கெடப்பா. அவளுக்க மொகத்தைப் பாத்தா..." கரையில் ஒதுங்கிய முகங்களை அவள் பார்த்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். "நான் மூச்சு விடுதாளான்னு அவளுக்க மூக்குல கைய வச்சுப் பாப்பேன். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை, பாத்துக்கோ."

கல்லூரியில் மூன்று வருடம் ஒரே பெஞ்சில் இருந்தவள். நான் இதைக் கேட்டதும் இல்லை, அவள் சொன்னதும் இல்லை. நீலப் பட்டைகளை எடுத்துக் கண்ணில் படாத இடத்தில் வைத்தேன். டைரியில் அன்றைக்கு ஒன்றும் எழுதவில்லை.

இரண்டு நாள் கழித்து அவளே போன் செய்தாள். "ஒனக்க டைரியில எனக்க அம்மைகிட்ட மட்டும் கேக்காம விட்டுட்டியே. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா" என்றாள்.

அப்போது அவர்கள் கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிக் கட்டிக்கொடுத்த குடியிருப்பில் இருந்தார்கள். வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். அடையாளத்துக்கு ஒவ்வொருவரும் முன்சுவருக்கு ஒரு நிறம் அடித்திருந்தார்கள். தோழியின் அம்மா முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்து வலையில் கிழிந்த கண்ணிகளை முடைந்துகொண்டிருந்தார். நான் டைரியை விரித்துக்கொண்டு, கொஞ்சம் தயங்கித்தான் கேட்டேன்.

"அம்மா, நீலம்னா உங்களுக்கு என்ன நினைவு வருது?"

"நீலமா? தார்ப்பாயி." யோசிக்கவே இல்லை. "நல்ல நெறமுல்லா மக்கா."

தோழி வாசற்படியில் நின்றிருந்தாள். "நல்ல நெறமா?" என்றாள்.

"பின்ன? அந்தச் சித்திரை மழை நெனப்பிருக்கா? இடியும் மின்னலுமாட்டு ரெண்டு நாளு. ஒரு சொட்டு உள்ள வரல்ல. நாலு பேரும் நனையாமக் கெடந்தோம். அண்ணாந்து பாத்தா நீலமா இருக்கும். சரி, இனி ஒண்ணும் ஆவாதுன்னு ஒறங்குவேன். அந்த நாலு மாசம் நான் ஒறங்கின மாதிரி பெறகு ஒறங்கினதில்ல."

தோழி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே கூரை, ஒரே வெளிச்சம். அதற்குக் கீழே அம்மா நிம்மதியாக உறங்கிக்கொண்டிருக்க, மகள் மூச்சு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஊருக்கு ஊர், சபைக்குச் சபை நிறத்தின் பொருள் மாறும் என்று டைரி நிறைய எழுதிவைத்திருந்தேன். ஒரு வீட்டுக்குள்ளேயே இப்படி மாறும் என்று எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

அம்மா கையைத் தட்டிவிட்டு எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பை. கம்பளி நூலில், வலை முடிகிற அதே முடிச்சில் முடிந்த பை. சிவப்பும் சாம்பலும் கலந்த பட்டைகள்.

"நீங்க குப்பையைப் பத்திப் புத்தகம் எழுதுதியளாமே. இதையும் எழுதுங்க."

அந்த நாட்களில் வெளியூர்களிலிருந்து லாரி லாரியாகத் துணி வந்ததாம். யாரும் எடுக்காத பழந்துணி ரோட்டோரம் மலையாகக் கிடந்தது. கோட்டு, கம்பளிச் சட்டை, ஒற்றைக் காலுறை. கடற்கரையில் யார் கம்பளிச் சட்டை போடுவது? மழையில் நனைந்து, ஆடு கடித்து, மட்கிக் கிடந்தது. "நல்ல நூலு கெட்டுப் போவுதேன்னு இருந்துது" என்றார். ஸ்வெட்டர்களை எடுத்து வந்து துவைத்து, நூலைப் பிரித்து, வலை ஊசியில் சுற்றி, கொட்டகைக்குள் உட்கார்ந்து பை முடிந்தார். நிவாரணச் சாமான் வாங்கப் போகிற பெண்களுக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்தார். மிஞ்சியது இந்த ஒன்றுதான்.

"நான் அப்ப அழுதேன்" என்றாள் தோழி. எங்கள் இருவரில் யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. "எனக்க கூட்டுக்காரியெல்லாம் பாத்துட்டு நிக்காவ. அம்மை குப்பையில கெடந்து பொறுக்குதா. நான் பாக்காத மாதிரி அந்தப் பக்கமாப் போனேன்."

"கண்டேன்" என்றார் அம்மா. "போனா போவட்டும், சின்னப் பிள்ளைதானேன்னு விட்டேன்."

தோழி வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பையை மடியில் போட்டு முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். நான் எழுந்து, குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். திரும்பி வரும்போது அந்த முடிச்சு எப்படிப் போடுவது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது இதழில் கடல் குப்பை இரண்டு பக்கமாகச் சுருங்கியது. நடுப்பக்கங்கள் நான்கும் அந்தப் பையின் கதை. பெயர் போடவில்லை. முடிச்சுப் போடும் முறையைப் படமாக வரைந்தோம். அட்டைக்கு என்ன செய்வது என்று தோழியிடம் கேட்டேன். "ஒண்ணும் வேண்டாம். வெள்ளையா விடு. நீலம்னா ஒங்களுக்கு என்னன்னு மட்டும் எழுதி, கீழ எடம் விட்டிரு. படிக்கியவங்க எழுதட்டும். எழுதித் திருப்பித் தரட்டும்."

முதல் பிரதியைத் தோழியின் அம்மாவிடம் கொண்டுபோனோம். அவருக்கு வாசிக்கத் தெரியாது. தோழி சத்தமாக வாசித்தாள். அவர் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். "மூன்று ஸ்வெட்டர்கள்" என்ற இடம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"நாலு. நீ கண்டது மூணு."

முப்பது பிரதிகளிலும் பேனாவால் அடித்துத் திருத்தினோம்.

கொடுத்த இதழ்களில் பதினேழு திரும்பி வந்தன. மீதி என்ன ஆயின என்று தெரியவில்லை. ஒரு பிள்ளை ரேஷன் மண்ணெண்ணெய் என்று எழுதியிருந்தது. இன்னொன்று சொட்டு நீலம். அப்பா துபாயிலிருந்து போன் பண்ணும்போது செல்போனில் எரிகிற வெளிச்சம் என்று ஒன்று. கன்னியாகுமரியில் ஊதல் விற்கிறவர்களிடம் வாங்கின ஊதல், இரண்டாம் நாளே உடைந்துபோனது என்று ஒன்று. பெரிய கையெழுத்தில், யாருடையது என்றே தெரியாமல், "எங்க சாருக்க சட்டை, வெள்ளிக்கிழமை" என்று மட்டும் ஒன்று. தோழியின் பதில் எதிலும் இல்லை. நான் கேட்கவும் இல்லை.

மெஷின் அண்ணனும் ஒன்றை வாங்கிப்போனார். ஒரு வாரம் கழித்து வந்து என் மேசையில் வைத்தார். நீலத்துக்குக் கீழே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. "யோசிச்சேன். எனக்கு அது மை டப்பாதான். வேற ஒண்ணும் வரல்ல. அது தப்பா?" என்று கேட்டார். தப்பில்லை என்றேன். அவர் நம்பினதாகத் தெரியவில்லை.

ஐந்து இதழ் கொண்டுவந்தோம். மூன்றாவது இதழ் ஆடி மாதம்; கல்யாணமே இல்லாததால் பட்டைக்குத் துண்டு கிடைக்காமல், காய்ந்த வாழைச்சருகைக் கட்டினோம். நான்காவதில் கொல்லாம்பழச் சாற்றால், அதாவது முந்திரிப்பழச் சாற்றால், எழுதிப் பார்த்தோம். முதலில் எழுத்தே தெரியாது. காய்ந்து ஒரு நாள் போனதும் துருப்பிடித்த நிறத்தில் மெல்ல எழும்பி வரும். பிள்ளைகள் சட்டையெல்லாம் கறையாக்கிக்கொண்டு வீட்டில் திட்டு வாங்கினார்கள். ஐந்தாவது வெளிவந்த சமயத்தில் தோழிக்கு வேறு மாவட்டத்தில் அரசுப் பள்ளியில் வேலை கிடைத்தது. அதோடு இதழ் நின்றது.

போன வாரம் அவள் போன் செய்திருந்தாள். அங்கே பள்ளியில் மதில் கட்டியிருக்கிறார்களாம், என்ன நிறம் அடிக்கலாம் என்று தலைமையாசிரியர் இவளைக் கேட்டாராம். "நீ என்ன சொன்ன?" என்றேன்.

"பிள்ளையள்ட்ட கேட்டுட்டு வாறேன்னு சொன்னேன். ஒரு மாசமாக் கேட்டுட்டிருக்கேன், இன்னும் தீரல்ல. மதிலு சிமெண்டாவே நிக்குது" என்று சொல்லிச் சிரித்தாள்.